இணைப்பின் விதி எவர் கையில்: அலைபேசி வலையமைப்பில் திறந்த தரநிலைகளும் சேவை மையக் கட்டமைப்பும்

அலைபேசி வலையமைப்பு ஒரே நிறுவனம் ஒரே கூரையின்கீழ் செய்து முடித்த பொறி அன்று. கோபுரத்தின் உச்சியில் உள்ள அலைவாங்கியை ஒரு நிறுவனமும், அதனோடு இணைந்த வானொலிக் கருவியை வேறொரு நிறுவனமும், அழைப்புகளை வழிநடத்தும் மையக் கணினிகளை மூன்றாவது நிறுவனமும் செய்கின்றன. கைபேசி ஒரு நாட்டின் ஆலையிலிருந்தும் அதற்குள் செருகும் சிம் அட்டை மற்றொரு நாட்டிலிருந்தும் வரக்கூடும். எடப்பாடிப் பேருந்து நிலையத்தில் நின்று ஒருவர் சென்னைக்குப் பேசும்போது இவை அனைத்தும் ஒன்றையொன்று புரிந்துகொண்டு இயங்கியாக வேண்டும். ஒரு கருவியின் எல்லை முடிந்து அடுத்த கருவியின் எல்லை தொடங்கும் இடம் இடைமுகம் எனப்படும். அந்த இடத்தில் எந்தச் செய்தி எந்த வடிவில் எந்த வரிசையில் செல்ல வேண்டும் என்பதை வரையறுக்கும் விதி, எவரும் படிக்கவும் பின்பற்றவும் தக்கவாறு வெளியிடப்பட்டிருந்தால் அது திறந்த தரநிலை ஆகும்.

விசைத்தறிகள் நிறைந்த எடப்பாடிப் பகுதிக்கு இக்கருத்து புதிதன்று. நாற்பதாம் நம்பர் நூல் என்றால் ஒரு பவுண்டு எடையில் 840 கெஜம் நீளமுள்ள நாற்பது சிட்டங்கள் அமைகின்ற நூல் என்பது எந்த ஆலையும் தன் விருப்பப்படி மாற்றிக்கொள்ள முடியாத கணக்கு. அக்கணக்கு பொதுவாக இருப்பதால்தான், ஓர் ஆலையின் நூலை வாங்கி வந்த தறிக்காரர் விலை ஏறியதும் வேறோர் ஆலையின் நூலை அதே தறியில் ஏற்றிக்கொள்ள முடிகிறது. ஒவ்வோர் ஆலையும் தனக்கென ஒரு கணக்கை வைத்து, அதற்கேற்ற தறியையும் தானே விற்றிருந்தால், தறிக்காரர் முதலில் வாங்கிய ஆலைக்கே ஆண்டுக்கணக்கில் கட்டுப்பட்டுக் கிடந்திருப்பார்.

திறந்த தரநிலையோடு சேர்த்து எண்ண வேண்டியது சேவை மையக் கட்டமைப்பு. பெரியதொரு மென்பொருளை ஒரே திரளாக எழுதாமல், வரையறுத்த ஒரு வேலையை மட்டும் செய்து தருகின்ற தனித்தனிக் கூறுகளாகப் பிரித்து, ஒவ்வொரு கூறும் தன் வேலையை ஒரு சேவையாக மற்றவற்றுக்கு வழங்கும்படி அமைப்பதே அம்முறை. இந்த எண்ணுக்கு உரியவரின் அடையாளம் மெய்யானதா, இந்த அழைப்பு எந்த நிறுவனத்துக்குச் செல்ல வேண்டும் என்பன போன்ற வினாக்களுக்கு விடை தரும் கூறு, அவ்விடையை உள்ளே எப்படிக் கண்டறிகிறது என்பதைக் கேட்பவர் அறிய வேண்டியதில்லை. கேட்கும் முறையும் விடையின் வடிவமும் தெரிந்தால் போதும். இவ்விரண்டு கருத்துகளும் இணையும் இடத்தில்தான் வலையமைப்பின் உரிமை யாரிடம் இருக்கிறது என்னும் வினா எழுகிறது. விதி திறந்திருப்பது ஒன்று, அத்திறப்பு மக்களுக்குப் பயன்படுவது மற்றொன்று. இரண்டாவது நிகழ வேண்டுமானால் அவ்விதியைக் கேட்டு வாங்கவும், தேவையானால் கட்டாயப்படுத்தவும் ஒருவர் இருந்தாக வேண்டும் என்பதைக் காட்டுவதே இவ்வுரையின் நோக்கம்.

ஐரோப்பிய அஞ்சல், தொலைபேசித் துறைகள் 1982-ல் அமைத்த ஒரு குழுவிலிருந்து ஜிஎஸ்எம் என்னும் தரநிலை பிறந்தது. 1991 ஜூலை 1 அன்று பின்லாந்தில் அதன் முதல் அழைப்பு பேசப்பட்டது. அதன் தலையாய சிறப்பு, சந்தாதாரரின் அடையாளத்தைக் கைபேசியிலிருந்து பிரித்துச் சிம் அட்டையில் வைத்ததாகும். இந்தியாவில் 2002 டிசம்பரில் ரிலையன்ஸ் நிறுவனம் சிடிஎம்ஏ என்னும் வேறொரு முறையில் சேவை தொடங்கி, அடுத்த ஆண்டில் 501 ரூபாய் முன்பணத்துக்குக் கைபேசி கொடுத்தபோது, அதுவரை அலைபேசியை எண்ணிப் பாராத குடும்பங்களுக்கும் அது எட்டியது என்பதை மறுக்க இயலாது. ஆயினும் எண் கைபேசிக்குள்ளேயே பதிக்கப்பட்டிருந்ததால், நிறுவனத்தை விட்டு விலகுபவர் கைபேசியையும் விட்டுவிட வேண்டியிருந்தது. சிடிஎம்ஏவும் வெளியிடப்பட்ட தரநிலையே என்பது இங்குக் கவனிக்கத்தக்கது. தாள் திறந்திருந்தது, கைபேசி பூட்டப்பட்டிருந்தது. திறந்தது என்பதால் இலவசம் என்று பொருளாகாது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். தரநிலைக்குள் காப்புரிமை பெற்ற நுட்பங்கள் பல அடங்கியுள்ளன. அவற்றுக்குரிய உரிமத்தொகையை நியாயமாகவும் பாகுபாடின்றியும் கேட்க வேண்டும் என்பது ஒப்புக்கொள்ளப்பட்ட நெறி. எது நியாயம் என்ற வழக்கு 2013-ல் எரிக்சன், மைக்ரோமேக்ஸ் நிறுவனங்களுக்கிடையே தில்லி உயர் நீதிமன்றத்துக்கே வந்தது.

தமிழ்நாடு இத்தகைய இணைப்பு விதிகளின் வலிமையையும் குறையையும் ஒருங்கே கண்டது 2018 பிப்ரவரியில். இம்மாநிலத்தில் 1999-ல் சேவை தொடங்கிச் சிற்றூர்கள்வரை பரவியிருந்த ஏர்செல் நிறுவனம், கோபுர நிறுவனங்களோடு ஏற்பட்ட நிலுவைத் தகராறில் கோபுரங்கள் அணைக்கப்பட்டதால் அம்மாதத்தின் பிற்பகுதியில் முடங்கியது. மாத இறுதியில் திவால் நடவடிக்கைக்கு விண்ணப்பித்தது. ஆண்டுக்கணக்காக ஒரே எண்ணை வைத்துத் தொழில் நடத்தியவர்கள் அவ்வெண்ணை இழக்காமல் வேறு நிறுவனத்துக்கு மாற வழி இருந்தது. எண் மாறாமல் நிறுவனம் மாறும் அவ்வுரிமை 2010 நவம்பரில் அரியானாவிலும், 2011 ஜனவரி 20 முதல் நாடு முழுவதும் நடைமுறைக்கு வந்திருந்தது. அதன் உட்கட்டமைப்பு சேவை முறைக்கு நல்ல சான்று. எண்ணின் முதல் இலக்கங்களைப் பார்த்து அது எந்த நிறுவனத்துடையது என்று முடிவு செய்யும் பழைய வழக்கம் கைவிடப்பட்டு, ஒவ்வோர் அழைப்புக்கும் முன்பாக ஒரு தரவுத்தளத்திடம் இவ்வெண் இப்போது எங்கே இருக்கிறது என்று கேட்டறிந்த பிறகே அழைப்பு செலுத்தப்படுகிறது.

அவ்வளவு செம்மையான ஏற்பாட்டிலும் ஒரு பிழை பதுங்கியிருந்தது. மாற விரும்புபவர் பழைய நிறுவனத்தின் வலையமைப்பிலிருந்து 1900 என்ற எண்ணுக்குக் குறுஞ்செய்தி அனுப்பி, அந்நிறுவனமே உருவாக்கித் தரும் குறியெண்ணைப் பெற்றால்தான் புதிய நிறுவனத்தின் கடையில் விண்ணப்பிக்க முடிந்தது. பழைய நிறுவனத்தின் கோபுரமே அணைந்து கிடக்கும்போது அக்குறுஞ்செய்தி எவ்வழியாகச் செல்லும்? வெளியேறும் வாயிலின் சாவி, விட்டு வெளியேற வேண்டிய நிறுவனத்திடமே இருந்தது. சிக்னல் கிடைக்கும் இடத்தைத் தேடியும் கடை வாசல்களில் காத்திருந்தும் மக்கள் பட்ட அல்லலைத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் சிறப்பு ஏற்பாடுகள் செய்து தணிக்க வேண்டியதாயிற்று. 2019 டிசம்பர் 16 முதல் விதி மாறியது. அதன்படி, குறியெண்ணைப் பழைய நிறுவனம் உருவாக்குவதில்லை. இருவருக்கும் பொதுவாக நடுவில் இருக்கும் எண் மாற்று நிறுவனம், கட்டண நிலுவை உண்டா, நிறுவனத்தில் சேர்ந்து தொண்ணூறு நாள் ஆயிற்றா என்பன போன்ற நிபந்தனைகளைப் பழைய நிறுவனத்தின் தரவுத்தளத்திடம் உடனுக்குடன் கேட்டறிந்து, தானே குறியெண்ணை வழங்குகிறது. முடிவெடுக்கும் அதிகாரம் போய், வினாவுக்கு விடை சொல்லும் கடமை மட்டுமே பழைய நிறுவனத்திடம் எஞ்சியது. சந்தாதாரரின் உரிமையை விரிவாக்கிய சீர்திருத்தங்களுள் இதற்கு ஈடானவை சிலவே. ஆனால் இதைப் பற்றிப் பேசியவர்கள் மிகக் குறைவு.

கட்டாயம் இல்லாதபோது நல்ல விதியும் எவ்வாறு தாளோடு நின்றுவிடும் என்பதற்குத் தமிழே சான்று. ஒரு குறுஞ்செய்தி சுமக்கக்கூடியது 1,120 பிட்டுகள், அதாவது 140 பைட்டுகள். ஆங்கில எழுத்துக்கு ஏழு பிட்டுகள் வீதம் அதில் 160 எழுத்துகள் அடங்கும். தமிழ் போன்ற மொழிகளுக்கு ஒவ்வொரு குறிக்கும் பதினாறு பிட்டுகள் ஒதுக்கப்படுவதால் 70 குறிகளே அடங்கும். குறி வேறு, எழுத்து வேறு. எடப்பாடி என்னும் ஊர்ப்பெயரில் கண்ணுக்குத் தெரியும் எழுத்துகள் ஐந்து. கணினிக் குறியீட்டிலோ எ, ட, ப, புள்ளி, ப, கால், ட, இகரக் கொக்கி என எட்டுக் குறிகள், பதினாறு பைட்டுகள். செய்தி நீண்டு பகுதிகளாகப் பிரியும்போது, பகுதிகளைக் கோக்கும் தகவலுக்கும் இடம் போவதால் ஒரு பகுதிக்கு 67 குறிகளே மிஞ்சும். ஆகவே 150 எழுத்துள்ள ஆங்கில அறிவிப்பு ஒரே செய்தியாகச் செல்ல, 150 குறிகள் கொண்ட தமிழ் அறிவிப்பு மூன்று பகுதிகளாகச் செல்கிறது. மொத்தமாகச் செய்தி அனுப்புவோருக்குப் பகுதிக் கணக்கில்தான் கட்டணம்; ஒரு கூட்டுறவுச் சங்கம் தன் உறுப்பினர்களுக்குத் தமிழில் எழுத முனைந்தால் ஆங்கிலத்தைப் போல மும்மடங்கு செலவிட நேரும்.

இக்குறையை உலகத் தரநிலையாளர்கள் அறியாமல் இல்லை. 1998 டிசம்பரில் தொடங்கிய 3ஜிபிபி என்னும் கூட்டமைப்பே இன்று அலைபேசித் தரநிலைகளை வகுத்து வருகிறது. அதன் ஒன்பதாம் வெளியீட்டில், தமிழ், தெலுங்கு, கன்னடம், மலையாளம், இந்தி உள்ளிட்ட இந்திய மொழிகளுக்கு ஏழு பிட்டு எழுத்து அட்டவணைகள் சேர்க்கப்பட்டன. செய்தியின் தலைப்பகுதியில் இது தமிழ் அட்டவணை என்று ஒரு குறிப்பு வைத்துவிட்டால், ஒரு செய்தியில் ஏறக்குறைய 155 தமிழ்க் குறிகள் அடங்கும். அட்டவணை இன்றும் ஆவணத்தில் இருக்கிறது. எவரும் தரவிறக்கிப் படிக்கலாம். ஆனால் அதைக் கைபேசியில் சேர்க்க வேண்டும் என்று விற்பனையாளரை வற்புறுத்தியவர் இல்லை. பெறுபவரின் கைபேசிக்கு அட்டவணை தெரியாவிட்டால் செய்தி சிதைந்த குறிகளாகத் தோன்றும் என்பதால், அனுப்புபவரும் துணியவில்லை. இதற்கு நேர்மாறாக, இந்தியத் தர நிர்ணய அமைப்பு 2016-ல் வெளியிட்ட ஐஎஸ் 16333 மூன்றாம் பகுதி, நாட்டில் விற்கும் ஒவ்வொரு கைபேசியும் இந்திய மொழிகளின் எழுத்தைக் காட்டவல்லதாக இருக்க வேண்டும் என்று கூறியதோடு நில்லாமல், விற்பனைக்கே நிபந்தனையாக்கப்பட்டது. முத்து நெடுமாறன் உருவாக்கி 2005-ல் சிங்கப்பூரில் வெளிவந்த செல்லினம் என்னும் செயலியின் காலத்தில், தமிழ் எழுத்துருவே இல்லாத கைபேசியில் தமிழைக் காட்டத் தனி மென்பொருள் தேவைப்பட்டது. அந்நிலையிலிருந்து விலை குறைந்த பொத்தான் கைபேசியிலும் தமிழ்ச் செய்தியைப் படிக்க முடிகின்ற நிலைக்கு வந்ததில், கட்டாயமாக்கிய அந்த நிபந்தனைக்கும் பங்குண்டு. கட்டாயமாக்கிய விதி பிழைத்தது. விருப்பத்துக்கு விடப்பட்ட விதி உறங்குகிறது.

பணப் பரிமாற்றத்திலும் இதே போக்கைக் காணலாம். இணையம் இல்லாத கைபேசியிலும் இயங்கும் யுஎஸ்எஸ்டி என்னும் வழி ஜிஎஸ்எம் தரநிலையில் தொடக்கம் முதலே உண்டு. நட்சத்திரக் குறியில் தொடங்கிச் சதுரக் குறியில் முடியும் எண்களை அழுத்தி மீதித் தொகை பார்ப்பது அவ்வழியால்தான். ஆயினும் ஒரு வங்கி அதைப் பயன்படுத்த விரும்பினால் ஒவ்வொரு தொலைத்தொடர்பு நிறுவனத்தோடும் தனித்தனியே பேரம் பேச வேண்டியிருந்தது. தேசியக் கொடுப்பனவுக் கழகம் *99# என்ற பொது வாயிலை அமைத்து, அது 2014 ஆகஸ்டில் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்ட பிறகே அப்பேரம் முடிவுக்கு வந்தது. ஒருமுறை பயன்படுத்த ஒன்றரை ரூபாய்வரை வாங்கலாம் என்றிருந்த உச்சவரம்பு, 2016 நவம்பரில் பண மதிப்பிழப்பை ஒட்டி ஐம்பது காசாகக் குறைக்கப்பட்டது. அதே 2016 ஏப்ரலில் அறிமுகமான யுபிஐ, சேவை மையக் கட்டமைப்பின் பயனை நாடு முழுவதும் உணரச் செய்தது. எந்த வங்கியில் கணக்கு, எந்தச் செயலி, எந்தக் கைபேசி என்ற வேறுபாடின்றி, வகுத்த வடிவில் கேட்டால் வகுத்த வடிவில் விடை வரும் என்பதே அதன் உயிர்.

அந்த யுபிஐயின் வாயிலிலும் ஒரு பழைய குறுஞ்செய்தி காவல் நிற்கிறது. செயலியைக் கைபேசியில் முதன்முதலாகப் பதிவு செய்யும்போது, அச்செயலி பயனரின் சிம்மிலிருந்து ஒரு குறுஞ்செய்தியைத் தானே அனுப்பி, இக்கைபேசியில் உள்ளது வங்கியில் பதிந்த எண்தான் என்று உறுதி செய்துகொள்கிறது. சிக்னல் நலிந்த இடத்தில் அக்குறுஞ்செய்தி போகாவிட்டால் பதிவு தடைப்படும். மீண்டும் மீண்டும் முயல வேண்டியிருக்கும். இவ்வெண் இந்தக் கைபேசியில் இருக்கிறதா என்பதற்கான விடை தொலைத்தொடர்பு நிறுவனத்தின் மையக் கணினியில் ஏற்கெனவே இருக்கிறது. வெளியாருக்கு அதை ஒரு சேவையாகச் சொல்லப் பொதுவான வழி அமையாததால்தான் இந்தச் சுற்றுவழி. அத்தகைய வழிக்கான முயற்சி புதிதன்று. 1998-ல் தொடங்கிய பார்லே குழுவும், 2002-ல் அமைந்த ஓபன் மொபைல் அலையன்ஸும் இதற்கான இடைமுகங்களை எழுதின. ஆனால் நிறுவனத்துக்கு ஓர் ஒப்பந்தம், நாட்டுக்கு ஒரு விலை என்று இருந்ததால் மென்பொருள் எழுதுவோர் அவற்றை நாடவில்லை. 2023 பிப்ரவரியில் அலைபேசி நிறுவனங்களின் உலகச் சங்கமான ஜிஎஸ்எம்ஏ அறிவித்த ஓபன் கேட்வே முயற்சியும், லினக்ஸ் அறக்கட்டளையில் நடைபெறும் கமாரா திட்டமும் அதே வேலையை மறுபடி எடுத்துள்ளன. எண் சரிபார்ப்பு, அண்மையில் சிம் மாற்றப்பட்டதா என்ற வினா போன்றவற்றுக்கு உலகம் முழுவதும் ஒரே இடைமுகம் வேண்டும் என்பது அவற்றின் குறிக்கோள். சிம்மைத் திருட்டுத்தனமாக மாற்றிக் கணக்கைச் சூறையாடும் மோசடிகள் நிகழும் நாட்டில் இரண்டாவது சேவையின் அருமை விளக்கமின்றியே விளங்கும். இதை விலைக்கு விற்கும் வணிகப் பொருளாக மட்டும் விட்டுவைத்தால், பார்லேயின் கதையே திரும்பும்.

வலையமைப்பின் உள்ளேயும் சேவை மையக் கட்டமைப்பு புகுந்தது ஐந்தாம் தலைமுறையில்தான். நான்காம் தலைமுறைவரை, மையக் கணினிகள் இரண்டிரண்டாக இணைக்கப்பட்டு, ஒவ்வோர் இணைக்கும் தனி இடைமுகமும் தனிப் பெயரும் இருந்தன. ஒன்றைப் புதிதாகச் சேர்த்தால் அதனோடு பேசும் மற்றவற்றையும் திருத்த வேண்டும். 2018-ல் நிறைவடைந்த 3ஜிபிபியின் பதினைந்தாம் வெளியீடு அவ்வமைப்பைக் கலைத்து, மையத்தைச் சேவை வழங்கும் செயற்கூறுகளாக வகுத்தது. ஒரு கைபேசி இயக்கப்படும்போது அதை முதலில் எதிர்கொள்ளும் ஏஎம்எஃப் என்னும் கூறு, அடையாளம் சரிபார்க்கும் கூறு எங்கே இருக்கிறது என்று என்ஆர்எஃப் என்னும் பதிவகத்திடம் கேட்கிறது. செயற்கூறுகள் தொடங்கும்போதே தம் பெயரையும் முகவரியையும் செய்யும் சேவையையும் பதிவகத்தில் பதிந்து வைப்பதால் விடை உடனே கிடைக்கிறது. பின்னர் ஏயுஎஸ்எஃப் என்னும் சரிபார்ப்புக் கூறு, சந்தாதாரர் தரவை வைத்திருக்கும் யுடிஎம்மை அணுகிச் சவால் எண்ணைப் பெற்றுத் தர, சிம்முக்குள் பூட்டி வைத்த இரகசியத் திறவுகோலைக் கொண்டு கைபேசி அதற்கு விடை கணித்து அனுப்புகிறது. இக்கூறுகளிடையே செல்லும் செய்திகள் எச்டிடிபி 2 நெறிமுறையில், ஜேசன் என்னும் எழுத்து வடிவில் அமைந்தவை. இணையதளம் எழுதும் எந்த இளைஞருக்கும் பழக்கமானவை. முன்பு சில பெருநிறுவனங்களின் பொறியாளர்களுக்கே தெரிந்திருந்த வலையமைப்பின் உள்மொழி, பொதுமொழியாக மாறியிருக்கிறது.

இந்தியாவில் 2022 அக்டோபரில் ஐந்தாம் தலைமுறை தொடங்கியபோது ஜியோ இந்தப் புதிய மையத்தோடு தொடங்கியது. ஏர்டெல் தொடக்கத்தில் நான்காம் தலைமுறை மையத்தின்மீதே புதிய வானொலியை ஏற்றியது. பயனரின் திரையில் இரண்டும் 5ஜி என்றே காட்டின.

பல நிறுவனங்களின் உறுப்புகளைக் கொண்டு ஒரு வலையமைப்பை எழுப்ப முடியும் என்பதற்கு இந்நாட்டின் பெரிய சான்று பிஎஸ்என்எல்லின் நான்காம் தலைமுறை வலையமைப்பு. அதன் மையம் சி-டாட் நிறுவனத்துடையது, வானொலிக் கருவிகள் தேஜஸ் நிறுவனத்துடையவை, ஒருங்கிணைப்பு டிசிஎஸ் நிறுவனத்துடையது. மையத்துக்கும் வானொலிக்கும் இடையிலுள்ள இடைமுகத்தின் விதி பொதுவில் இருந்திராவிட்டால், மையத்தையும் வானொலியையும் ஒருவரே செய்தாக வேண்டும் என்ற நிலையில் இம்முயற்சி தொடங்கியே இருக்காது. 2025 செப்டம்பரில் ஒடிசாவின் ஜார்சுகுடாவில் நடந்த விழாவில் தொண்ணூறாயிரத்துக்கும் மேற்பட்ட தளங்களோடு அது நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. காலதாமதம் பெரிது, தனியார் நிறுவனங்கள் ஐந்தாம் தலைமுறைக்குச் சென்ற பின்னரே இது முழுமை பெற்றது. எனினும் உள்நாட்டுக் கருவியையே வாங்குவோம் என்று வாங்குபவர் உறுதியாக நின்றதால் ஒரு தொழிலே உருவாயிற்று என்பது அத்தாமதத்தைவிடப் பெரிய செய்தி.

விதியைப் பின்பற்றுவதைத் தாண்டி, விதி எழுதப்படும் அறையில் இடம் பிடிப்பதும் முடியும் என்பதைச் சென்னை ஐஐடியும் அதன் வளாகத்தில் அமைந்த செவிட் ஆய்வு மையமும் ஐதராபாத் ஐஐடியோடு சேர்ந்து காட்டின. மேலை நாடுகளின் தரநிலைகள் நெருக்கமான நகரங்களையும் விரைந்தோடும் வாகனங்களையும் எண்ணி எழுதப்பட்டவை. சேலம், நாமக்கல் சமவெளியைப் போல ஊராட்சித் தலைமையூரில் ஒரு கோபுரமும் அதைச் சுற்றிச் சில கிலோமீட்டர் தொலைவில் சிதறிய குடியிருப்புகளும் உள்ள நாட்டுக்குத் தேவை வேறு. கோபுரத்துக்குக் கோபுரம் ஆறு கிலோமீட்டர் இடைவெளியிலும் ஐந்தாம் தலைமுறை இயங்க வேண்டும் என்ற அளவுகோலைச் சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம் ஏற்குமாறு இந்தியா வாதாடி வென்றது. அதற்கு விடையாக இந்தியத் தரநிலை அமைப்பான டிஎஸ்டிஎஸ்ஐ வழியே வகுக்கப்பட்ட 5ஜிஐ, கைபேசியின் ஆற்றலைக் கூட்டித் தொலைவிலுள்ள கோபுரத்தை எட்டச் செய்யும் அலை வடிவத்தைக் கொண்டது. தனித் தரநிலை வந்தால் கருவிகள் விலையேறும், பிற வலையமைப்புகளோடு பொருந்தா என்று தொலைத்தொடர்பு நிறுவனங்கள் எதிர்த்ததிலும் நியாயம் இருந்தது. முடிவில் அதன் சாரம் 3ஜிபிபியின் பதினேழாம் வெளியீட்டில் சேர்க்கப்பட்டு, தனிப் பெயர் மறைந்தது. அதைத் தோல்வி என்று சிலர் எழுதினர். அம்மதிப்பீடு பிழையானது. தனிப் பெயரோடு ஒரு நாட்டுக்குள் ஒதுங்கியிருப்பதைவிட, உலகின் எல்லாக் கைபேசிகளும் பின்பற்றும் ஆவணத்துக்குள் இடம் பெறுவதே இங்குள்ள சிற்றூருக்குப் பயன் தரும். ஏனெனில் இவ்வூர்க் கடைகளில் விற்பது உலகச் சந்தைக்குச் செய்த கைபேசிதான்.

இப்பணிக்கு வேண்டிய கருவிகள் இன்று பெருநகர ஆய்வகங்களுக்குள் மட்டும் அடைபட்டிருக்கவில்லை. 3ஜிபிபியின் ஆவணங்கள் அனைத்தும் கட்டணமின்றிக் கிடைக்கின்றன. ஓபன்5ஜிஎஸ், தைவானில் உள்ள ஒரு பல்கலைக்கழகத்தில் உருவான ஃப்ரீ5ஜிசி போன்ற திறமூல மென்பொருள்களைச் சாதாரண மடிக்கணினியில் நிறுவி, பொய்யான ஒரு கைபேசியை மென்பொருளாலேயே அமைத்து இணைத்தால், பதிவகத்தில் செயற்கூறுகள் தம்மைப் பதிவதையும் அடையாளச் சரிபார்ப்பு நடப்பதையும் வரிவரியாகத் திரையில் படிக்கலாம். சேலம், நாமக்கல் பகுதியில் பரவியுள்ள பொறியியல் கல்லூரிகளின் மின்னணுத் துறை மாணவர் ஒரு பருவ வேலையாகவே இதைச் செய்து முடிக்க இயலும். பாடத்திட்டத்தில் இடம் ஒதுக்குவது ஒன்றே குறை. ஆறாம் தலைமுறையின் முதல் விதிகளை 3ஜிபிபி தன் இருபத்தொன்றாம் வெளியீட்டில் எழுதவிருக்கிறது. அதற்குக் கருத்துரை அளிக்க இந்தியாவிலிருந்து செல்லும் வழி டிஎஸ்டிஎஸ்ஐ உறுப்பினர் உரிமை. கல்வி நிறுவனங்களும் அதில் சேரலாம். எந்தெந்த இந்திய மொழி அட்டவணைகளைக் கட்டாயமாக்க வேண்டும், சிற்றூர்க் கோபுரத்துக்கு எவ்வளவு எல்லை வேண்டும், சந்தாதாரர் தன் எண் பற்றிய விடையை எவரிடம் கேட்கலாம் என்பவை அங்கே கருத்துரையாக எழுதிக் கொடுக்கத் தக்கவை.